ஒரு பகல் சிங்கப்பூர்: "நமக்கு இல்லாத வெயிலா" என்று கிளம்புகிறவர்களுக்கு

நம் மாவட்டத்தில் பிள்ளைகள் வெளிநாட்டில் இருக்கிற வீடுகள் தெருவுக்குத் தெரு உண்டு. ஆஸ்திரேலியாவிலோ நியூசிலாந்திலோ இருக்கிற மகனையும் மகளையும் பார்க்கப் போகிற அப்பா அம்மாக்கள் பலர் திருவனந்தபுரத்தில் ஏறி சிங்கப்பூரில் விமானம் மாறுகிறார்கள். நடுவில் எட்டு மணி நேரமோ பத்து மணி நேரமோ கிடைக்கும், சில டிக்கெட்டில் ஒரு முழுப் பகலே கிடைக்கும். சும்மா உட்கார்ந்திருப்பானேன், ஊரைப் பார்த்துவிடலாமே என்று தோன்றுவது நியாயம்தான், நானும் போகச் சொல்கிற ஆள்தான். ஆனால் நாகர்கோவிலில் பொது மருத்துவம் பார்க்கிறவன் என்ற முறையில், கிளம்பும் முன் மருந்து வாங்க வருகிறவர்களிடம் அந்த ஒரு பகலைப் பற்றிக் கொஞ்சம் பேச ஆரம்பித்தால், "நமக்கு இல்லாத வெயிலா டாக்டரே?" என்ற பதில்தான் திரும்பத் திரும்ப வருகிறது.

சிங்கப்பூர் நிலநடுக்கோட்டுக்கு ஒரு டிகிரிக்குச் சற்று மேலே இருக்கிற ஊர். வருடம் முழுக்கப் பகலில் 31, 32 டிகிரி. எண்ணைப் பார்த்தால் நம் ஊர் மாதிரிதான். கூடவே ஈரப்பதத்தைப் பாருங்கள், வருடச் சராசரி 80 சதவீதத்துக்கு மேல். வியர்வை வழிவதால் உடம்பு குளிர்வதில்லை, அது தோலில் காய்வதால்தான் குளிர்கிறது. காற்றில் ஏற்கெனவே ஈரம் நிறைந்திருந்தால் வியர்வை காயாமல் சொட்டிப் போகும். தண்ணீரும் உப்பும் போய்விடும், சூடு மட்டும் உள்ளேயே நிற்கும். 32 டிகிரியில் 70 சதவீத ஈரப்பதம் இருந்தால் உடம்பு அதை 40 டிகிரி போல உணரும், அதுவும் நிழலில்.

நமக்கு இந்தப் புழுக்கம் தெரியாததல்ல. ஆனால் இங்கே மதியம் ஒரு மணிக்கு எந்தப் பெரியவர் செட்டிகுளத்திலிருந்து வடசேரி வரை நடக்கிறார்? காலையிலேயே சந்தை வேலையை முடித்துவிட்டு, மதியம் கஞ்சி குடித்து, கொஞ்சம் சாய்ந்து எழுந்து, நாலு மணிக்குச் சாயா குடித்த பிறகுதான் வெளியே இறங்குவார்கள். இடையில் கடல்காற்று வரும், தாகத்துக்கு மோரோ அக்கானி என்கிற பதநீரோ இருக்கும். இத்தனை வருடமாக நம்மைக் காப்பாற்றுவது இந்த வழக்கங்கள்தான். வழியில் இறங்குகிற அந்த ஒரு நாளில் இவை எல்லாமே விட்டுப் போகின்றன: இரவு விமானத்தில் தூக்கம் இல்லை, உடுத்தியிருப்பது பயணத்துக்கென்று எடுத்த கனமான துணி, நேரம் வேறு நம்மைவிட இரண்டரை மணி நேரம் முன்னால் ஓடுகிறது, மதிய வெயிலில் மெர்லயன் சிலைக்கு முன்னால் போட்டோ.

ஆஸ்திரேலியாவிலிருந்து இதே வழியில் ஊருக்கு வருகிற பேரப்பிள்ளைகள் கதை இன்னும் மோசம். ஜூன், ஜூலையில் மெல்பர்னில் குளிர்காலம். வெப்பத்துக்கு உடம்பு பழக ஒன்றிரண்டு வாரம் ஆகும். அந்தப் பிள்ளைகளை ஸ்வெட்டரோடு இறக்கி நேராக வெயிலில் ஓடவிடுகிறோம்.

என்னிடம் வழக்கமாக வருகிற ஓர் அம்மா, அறுபதைத் தாண்டியவர், பிரஷர் மாத்திரையோடு நீர் மாத்திரையும் எடுப்பவர், இப்படி ஒரு பகலில் நடைபாதையிலேயே தலைசுற்றி விழுந்தார். குளிர்ந்த இடத்தில் படுக்க வைத்துக் காலை உயர்த்தியதும் தெளிந்துவிட்டார். திரும்பி வந்த பிறகு விவரமாகக் கேட்டேன். விமானத்தில் இருந்து இறங்கியதில் இருந்து அவர் தண்ணீரே குடிக்கவில்லை. "தெரியாத ஊர்ல பாத்ரூமுக்கு எங்க போய்த் தேட, அதான் குடிக்கல்ல டாக்டரே."

இதை நம் பெண்கள் எத்தனையோ பேர் செய்கிறார்கள். கோயிலுக்குப் போனாலும் கல்யாணத்துக்குப் போனாலும் செய்கிறார்கள், யாரும் கேட்பதும் இல்லை. மருமகளோ மகளோ கூடப் போகிறீர்கள் என்றால் நீங்களே கேட்டு, நீங்களே கழிப்பறைக்குக் கூட்டிப் போங்கள். சிங்கப்பூரில் பெரிய கடைவளாகங்களிலும் பல ரயில் நிலையங்களிலும் சுத்தமான கழிப்பறை உண்டு, குழாய்த் தண்ணீரையே தைரியமாகக் குடிக்கலாம். பாதுகாப்புச் சோதனையில் 100 மில்லிக்கு மேல் விடமாட்டார்கள் என்பதால் காலி பாட்டிலை எடுத்துப் போய் அங்கே நிரப்பிக்கொள்ளுங்கள். இன்னொன்று, எம்.ஆர்.டி. ரயிலிலும் நிலையத்துக்குள்ளும் சாப்பிடவோ குடிக்கவோ கூடாது, வெறும் தண்ணீருக்கும் இதே விதிதான், அபராதம் 500 சிங்கப்பூர் டாலர் வரை போகும். அதனால் உள்ளே நுழையும் முன் குடித்துவிடுங்கள். நிறைய வியர்த்தால் ஓ.ஆர்.எஸ். பொட்டலம் நல்லது, அதில் சொன்ன அளவுத் தண்ணீரில் முழுப் பொட்டலத்தையும் கரைக்க வேண்டும், கண் மதிப்பில் பாதி பாதியாகப் போடக் கூடாது. இதய பலவீனமோ சிறுநீரகக் கோளாறோ இருந்து தண்ணீருக்கு அளவு வைத்திருப்பவர்கள் மட்டும் தங்கள் மருத்துவரைக் கேட்டுவிட்டுத்தான் எதையும் கூட்ட வேண்டும்.

அப்புறம் மாத்திரைகள். நீர் மாத்திரை, சர்க்கரையைச் சிறுநீர் வழியே வெளியேற்றுகிற டாபாகிளிஃப்ளோசின் வகை மாத்திரை, இரண்டும் உடம்பில் இருந்து நீரை இறக்கும். சளிக்கும் அலர்ஜிக்கும் கொடுக்கிற சில பழைய மாத்திரைகள் வியர்வையையே குறைக்கும். இவற்றை நீங்களாக நிறுத்தாதீர்கள், அது வேறு ஆபத்து. அந்த ஒரு நாள் எப்போது எடுப்பது, எடுக்கத்தான் வேண்டுமா என்பதை முன்கூட்டியே கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

சர்க்கரைக்கு கிளிமிபிரைடு போன்ற மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும். ஊர் நேரப்படி மாத்திரையைப் போட்டுவிட்டு, காலைச் சாப்பாடு செராங்கூன் சாலையில் இட்லி தோசை என்று தள்ளிப்போட்டால், சர்க்கரை இறங்கிவிடும். வெயிலில் நடந்தால் இன்னும் வேகமாக இறங்கும். வியர்வை, நடுக்கம், தலைசுற்றல் எல்லாம் வெயில் மயக்கம் மாதிரியே இருக்கும். அதனால் குளுக்கோமீட்டர் கைப்பையில் இருக்கட்டும், தலைசுற்றினால் உடனே சுகர் பாருங்கள். இன்சுலினைப் பெரிய பெட்டியில் போடவே கூடாது, விமானத்தின் சரக்கு அறையில் உறைந்துபோகலாம். மருந்துச் சீட்டோடு கைப்பையில் வைத்துக்கொள்ளுங்கள்.

வெளிநாடு என்றதும் புது ஷூ வாங்குகிறார்கள். வேண்டாம். சர்க்கரையால் காலில் உணர்ச்சி குறைந்தவருக்கு, ஈரமான சாக்ஸோடு புது ஷூவில் ஒரு நாள் நடந்தால் கொப்புளம் வந்து உடைந்ததுகூடத் தெரியாது. மகன் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்து இரண்டு நாள் கழித்துச் சீழைப் பார்த்து, இங்கே எனக்கு வாட்ஸ்அப்பில் படம் அனுப்புவார்கள்.

சரி, எப்படிச் சுற்றுவது? விசா முதலில்: ஆஸ்திரேலியா, நியூசிலாந்து போன்ற சில நாட்டு விசா இருக்கிற இந்தியர்களுக்கு 96 மணி நேரம் வரை விசா இல்லாமல் இறங்கும் வசதி நிபந்தனைகளோடு உண்டு, கிளம்பும் முன் சரிபார்த்துக்கொள்ளுங்கள். நாளைப் போடும்போது வீட்டில் மூத்தவரையும் கடைக்குட்டியையும் மனதில் வைத்துப் போடுங்கள். காலை ஒன்பது மணிக்குள் திறந்த வெளி இடம் ஏதாவது ஒன்று. பதினொன்றில் இருந்து நாலு வரை கூரைக்குக் கீழே: கார்டன்ஸ் பை த பே தோட்டத்தின் இரண்டு கண்ணாடிக் கூடங்களும் குளிரூட்டியவை, உட்கார இடமும் உண்டு. நனைந்த பனியனோடு உள்ளே போனால் பிள்ளைகளுக்குக் குளிரும், ஆஸ்துமா இருந்தால் இழுப்பு வரலாம். மாற்றுச் சட்டையும் இன்ஹேலரும் கையில் வேண்டும். அங்கே சூரியன் ஏழு மணிவாக்கில்தான் மறைகிறது. இரவு விமானம் என்றால், இருட்டிய பிறகு அதே தோட்டத்தில் சூப்பர்ட்ரீ என்கிற ராட்சதச் செயற்கை மரங்களில் நடக்கிற விளக்குக் காட்சியைப் புல்லில் உட்கார்ந்து பார்க்கலாம். சிறு இடைவெளிதான் என்றால் வெளியே அலைய வேண்டாம், விமான நிலையத்தை ஒட்டிய ஜூவல் கடைவளாகத்தில் 40 மீட்டர் அருவி கொட்டுகிறது.

தலைவலி, குமட்டல், தசை இழுத்தல், அதிகச் சோர்வு என்றால் அன்றைய சுற்றல் அங்கேயே முடிந்தது. நிழலுக்கோ குளிர்ந்த இடத்துக்கோ கொண்டுபோய், துணியைத் தளர்த்தி, கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்கக் கொடுங்கள். பேச்சு குழறினாலோ, ஆளை அடையாளம் தெரியாமல் உளறினாலோ, வலிப்பு வந்தாலோ அது வெப்பத் தாக்காக (ஹீட் ஸ்ட்ரோக்) இருக்கலாம். வியர்க்கிறதே, அதனால் பயமில்லை என்று நினைக்காதீர்கள், வியர்த்துக்கொண்டே வருவதும் உண்டு. உடனே 995-க்கு அழையுங்கள், ஆம்புலன்ஸ் வரும் வரை உடம்பெல்லாம் தண்ணீர் ஊற்றி விசிறுங்கள். வாயில் எதையும் ஊற்றாதீர்கள். பாராசிட்டமால் இந்தச் சூட்டைக் குறைக்காது.

அடுத்த விமானத்துக்கு மூன்று மணி நேரம் முன்பே நிலையத்துக்குத் திரும்பிவிடுங்கள். முகம் கழுவி, சாக்ஸை மாற்றி, பெரியவர்களின் பாதத்தை ஒரு தடவை பாருங்கள். சிறுநீர் அடர் மஞ்சளாகப் போனால் இன்னும் தண்ணீர் வேண்டும் என்று அர்த்தம். அந்த நிலையில் ஏழெட்டு மணி நேரம் அசையாமல் உட்கார்ந்தால் காலில் ரத்தம் உறையும் வாய்ப்பு கூடும். டிக்கெட் போட்ட வாரமே மருந்துச் சீட்டோடு உங்கள் டாக்டரிடம் போய்விடுங்கள். ஏறுவதற்கு முந்தின நாள் சாயங்காலம் வந்து நின்றால், மாத்திரையை மாற்றிப் பிரஷர் எப்படி இருக்கிறது என்று பார்க்க எங்களுக்கு நேரம் இருக்காது.