அகதி வழக்கில் யாரிடம் பதில் கேட்பது?

ஐரோப்பாவில் தஞ்சம் கேட்பவர்களுக்குச் சட்ட உதவி செய்கிறேன். கோப்பைத் திறந்ததும் நான் கேட்கும் முதல் கேள்வி, "கைரேகை எந்த நாட்டில் எடுத்தார்கள்?" கிரேக்கத்திலோ இத்தாலியிலோ எடுத்திருந்தால் கைரேகைகளைச் சேமிக்கும் யூரோடாக் தரவுத்தளம் காட்டிக்கொடுத்துவிடும், தஞ்ச வழக்கு எந்த நாட்டின் பொறுப்பு என்று சொல்லும் டப்ளின் ஒழுங்குவிதிப்படி பெரும்பாலும் அந்த நாடுதான் வழக்கை விசாரிக்க வேண்டும். கணவனோ மனைவியோ ஐரோப்பிய ஒன்றியத்தின் வேறொரு உறுப்பு நாட்டில் தஞ்சம் பெற்றிருந்தால் கதை மாறலாம். அதை முதல் நேர்காணலிலேயே சொல்லிவிடுங்கள், பலர் பயந்து மறைக்கிறார்கள்.

எல்லை நாடுகளின் தலையில் சுமையைக் கட்டும் விதி இது. 2015-இல் கடல் வழியாக மட்டும் பத்து லட்சம் பேர் வந்து இறங்கியதும் அது நொறுங்கியது. 1,20,000 பேரைப் பங்கிட்டுக்கொள்ள ஒன்றியத்தின் உள்துறை அமைச்சர்கள் பெரும்பான்மை வாக்கில் முடிவெடுத்தார்கள், நான்கு நாடுகள் எதிர்த்தன. ஹங்கேரியும் ஸ்லோவாக்கியாவும் வழக்குப் போட்டு 2017-இல் தோற்றன, தோற்ற பிறகும் அந்தத் திட்டத்தில் ஹங்கேரி ஒருவரைக்கூட ஏற்கவில்லை. நாங்கள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்காதவர்கள் எங்கள் ஊரில் யார் இருப்பது என்று தீர்மானிக்கலாமா என்று அங்குள்ள மக்கள் கேட்பதை நான் அலட்சியப்படுத்த மாட்டேன். ஆனால் பெரும்பான்மை வாக்கை அனுமதிக்கும் உடன்படிக்கையில் கையெழுத்திட்டது அவர்களுடைய அரசுதானே!

என்னை அதிகம் உறுத்துவது வேறு. 2016 மார்ச்சில் துருக்கியோடு ஓர் ஏற்பாடு: கிரேக்கத் தீவுகளுக்கு ஒழுங்கற்ற வழியில் வருபவர்களைத் திருப்பி அனுப்பலாம். ஒன்றியத்தின் இணையதளத்தில் செய்திக்குறிப்பாக வெளியானது அது. தஞ்சம் கேட்ட மூன்று பேர் வழக்குத் தொடுத்தபோது, இதைச் செய்தது உறுப்பு நாடுகளின் தலைவர்கள், ஒன்றியம் இல்லை, அதனால் விசாரிக்க எங்களுக்கு அதிகாரமில்லை என்று 2017-இல் ஒன்றியத்தின் பொது நீதிமன்றம் கைகழுவிவிட்டது. சரி, அப்படியானால் கிரேக்கத் தீவான லெஸ்போஸின் முகாமில் மாட்டிக்கொண்டவர் யார்மீது வழக்குப் போடுவார்?

கூட்டம் தாங்கவில்லை என்ற சாக்கையும் நான் நம்புவதில்லை. 2001-இல் எழுதி ஒருமுறைகூடப் பயன்படுத்தாத தற்காலிகப் பாதுகாப்பு உத்தரவை, அதாவது கூட்டமாக வருபவர்களுக்குத் தனித்தனி விசாரணை இல்லாமல் உடனே பாதுகாப்புத் தரும் சட்டத்தை, 2022 மார்ச்சில் உக்ரைனியர்களுக்காக ஒருமனதாகப் பயன்படுத்தினார்கள். நாற்பது லட்சத்துக்கு மேற்பட்டோர் தாங்களே நாட்டைத் தேர்ந்தெடுத்துக் குடியேறினார்கள், ஒன்றியம் உடையவில்லை. சிரியர்களுக்கு அந்த உத்தரவை ஏன் பயன்படுத்தவில்லை என்று கேட்டால் ஒவ்வொருவரும் அடுத்தவரைக் காட்டுகிறார்கள்.

2024 மே மாதம் நிறைவேறிய ஒன்றியத்தின் புதிய குடியேற்ற, தஞ்ச ஒப்பந்தம் 2026 ஜூனில் நடைமுறைக்கு வரும்படி எழுதப்பட்டது. ஆட்களை ஏற்க விரும்பாத நாடு பணம் கட்டலாம், ஒருவருக்கு 20,000 யூரோ என்பது அடிப்படைக் கணக்கு. முதலில் நுழைந்த நாடே பொறுப்பு என்ற பழைய விதி ஏறக்குறைய அப்படியேதான் இருக்கிறது. அப்புறம் ஒன்று, வேறு உறுப்பு நாட்டுக்கு அனுப்பும் முடிவை எதிர்க்க இதில் ஒன்று முதல் மூன்று வாரம்தான் அவகாசம், ஆகவே கடிதம் வந்த அன்றே வக்கீலிடம் காட்டுங்கள்.