வாட்ச்டாக் டைமரைத் தமிழில் என்ன சொல்வது?

"மின்னியல் வெளியேற்றத்திலிருந்து மைக்ரோகன்ட்ரோலரைக் கண்காணிப்பு நேரங்காட்டி பாதுகாக்கிறது."

ஒரு பயிற்சிக் கையேட்டில் இந்த வாரம் படித்த வரி. மைக்ரோகன்ட்ரோலர் என்பது கருவிகளை இயக்கும் சின்னக் கணினிச் சில்லு. அதன் நிரல் உறைந்துபோனால் மறுதொடக்கம் செய்யும் வாட்ச்டாக் டைமரைத்தான் 'கண்காணிப்பு நேரங்காட்டி' என்கிறார்கள். 'மின்னியல் வெளியேற்றம்' என்பது உடம்பில் சேர்ந்த நிலைமின்சாரம் தொட்டதும் சட்டென்று பாய்வது, ஆங்கிலத்தில் எலக்ட்ரோஸ்டேடிக் டிஸ்சார்ஜ். இதே சொற்களை இதற்கு முன்பும் பலமுறை பார்த்துப் பேசாமல் கடந்திருக்கிறேன். இந்தத் தடவை மனசு கேட்கவில்லை. ஆறு சொற்களில் சரியாக இருப்பது மைக்ரோகன்ட்ரோலர் ஒன்றுதான்.

வாட்ச்டாக் என்றால் ஆங்கிலத்தில் வீட்டுக் காவல் நாய். அப்புறம் முறைகேடுகளைக் கவனிக்கும் அமைப்புகளுக்கும் அந்தப் பெயர் வந்தது. நம் செய்தித்தாள்கள் அதைக் 'கண்காணிப்பு அமைப்பு' என்று எழுதுகின்றன, அங்கே அது பொருந்தும். சில்லுக்குள் இருக்கும் வாட்ச்டாக்குக்கும் அதையே எடுத்து ஒட்டியதில்தான் வம்பு தொடங்கியது.

அது செய்யும் வேலையைப் பார்த்தால் ஏன் என்று புரியும். தண்ணீர்த் தொட்டி மோட்டாரை ஓட்டி நிறுத்தும் சின்னப் பலகை ஒன்று என் மேசையில் இருந்தது. ஏசி அறை, பாலியஸ்டர் சட்டை, பிளாஸ்டிக் நாற்காலி. எழுந்து பலகையின் திருகாணியைத் தொட்டேன், விரல்நுனியில் சுளீரென்றது. அந்தச் சுளீர் நமக்கு உறைப்பதற்கே ஏறக்குறைய 3,000 வோல்ட் வேண்டும். சில்லு ஓடுவதோ 5 வோல்ட்டில். திரையில் நீர்மட்டம் 62 என்ற இடத்தில் உறைந்தது, மோட்டாருக்கான மின்விசைச் சுவிட்சான ரிலே விடாமல் ஒட்டிக்கொண்டு நின்றது. மோட்டாரை இணைத்திருந்தால் தொட்டி வழிந்திருக்கும். சில்லு எரியவில்லை. நிரல்தான் தடம் மாறி எங்கோ சுற்றிக்கொண்டிருந்தது. வாட்ச்டாக்கை இயக்கிவிட்டு மறுபடி தொட்டேன். அதே சுளீர், அதே உறைவு. இரண்டு வினாடியில் திரை அணைந்து எரிந்து, எண் நகர ஆரம்பித்தது.

பலகையில் இருந்தது ஆர்டுயினோ ஊனோ என்ற பயிற்சிப் பலகையில் வரும் ஏடிமெகா328பி என்ற மைக்ரோகன்ட்ரோலர். அதற்குள் 128 கிலோஹெர்ட்ஸ் தனி அலையியற்றி தரும் துடிப்புகளைக் கொண்டு எண்ணிக்கொண்டே போகும் ஒரு சுற்று இருக்கிறது. 16 மில்லிவினாடி முதல் 8 வினாடி வரை கெடு வைக்கலாம். கெடுவுக்குள் நிரல் வந்து எண்ணிக்கையை முதலுக்குத் திருப்பிவிட வேண்டும். வராவிட்டால் சில்லு மறுதொடக்கம் ஆகும். அவ்வளவுதான்.

இதில் கண்காணிப்பு எங்கே இருக்கிறது? கண்காணிப்பவர் போய்ப் பார்ப்பார், தவறைப் பிடிப்பார். இந்தச் சுற்று எதையும் பார்ப்பதில்லை. இரவில் தெருவில் விசில் ஊதிப் போகும் கூர்க்காவை நினைத்துக்கொள்ளுங்கள். இங்கே விசில் ஊதுவது நிரல். வீட்டுக்குள் படுத்தபடி, "இன்னும் விசில் சத்தத்தைக் காணோமே" என்று எழுந்து உட்காருபவர்தான் வாட்ச்டாக். இந்த வேறுபாடு தெரியாததால் நிரலே தப்பாகிறது. ஒரு தம்பி எழுதியதைத் திருத்திக்கொண்டிருந்தேன். எண்ணிக்கையைத் திருப்பும் வரியை டைமர் குறுக்கீட்டுக்குள், அதாவது குறித்த நேரத்துக்கு ஒருமுறை நிரலை இடைமறித்துத் தானாக ஓடும் பகுதிக்குள் போட்டிருந்தார். முதன்மைச் சுழல் செத்துக் கிடந்தாலும் குறுக்கீடு பாட்டுக்கு ஓடும், விசில் கேட்டுக்கொண்டே இருக்கும். ஏன் அங்கே போட்டாய் என்றேன். "அதுதான் தானாகவே கண்காணிக்குமே அண்ணா" என்றார். அவர் படித்த சொல் அப்படித்தான் சொல்லிக்கொடுத்திருக்கிறது.

நேரங்காட்டி இன்னும் மோசம். திசைகாட்டி திசையைக் காட்டும், நாட்காட்டி நாளைக் காட்டும். வாட்ச்டாக் யாருக்கு நேரம் காட்டுகிறது? 'காவல் நாய் நேரங்காட்டி' என்று எழுதுபவர்களும் உண்டு. எண்ணிக்கையைத் திருப்புவதை ஆங்கிலப் பொறியாளர்கள் பேச்சில் நாயை உதைப்பதாக, நாய்க்குத் தீனி வைப்பதாகச் சொல்வார்கள். அதையும் அப்படியே தமிழில் இறக்கிவிடுகிறார்கள். முதல்முறை படிக்கும் பாலிடெக்னிக் பிள்ளைக்கு இதில் என்ன விளங்கும்? பலகையைக் கையால் தொடாமல் அகராதியை மட்டும் புரட்டி மொழிபெயர்த்தால் இப்படித்தான் வரும். தமிழில் சொல் இல்லை என்ற பேச்சும் பிறகு இதிலிருந்தே கிளம்புகிறது.

'பாதுகாக்கிறது' என்பதும் பிழை. அதிர்ச்சியைத் தடுப்பது நல்ல தரையிணைப்பும் காப்பு டையோடுகளும். வாட்ச்டாக் வருவது அடி விழுந்த பிறகு. சில்லுக்குள் லாட்ச்-அப் ஆகிவிட்டால், அதாவது தேவையில்லாத மின்பாதை ஒன்று திறந்தபடியே பூட்டிக்கொண்டால், அதுவும் உதவாது, மின்சாரத்தை முழுக்க எடுத்துத் திரும்பக் கொடுக்க வேண்டும். ஆகவே 'காவல்' என்று தொடங்கும் எந்தச் சொல்லும் எனக்கு ஒப்பவில்லை. காவல் என்றால் கெடுதல் வருமுன் நிற்பது.

நான் எழுதுவது 'மீட்பு எண்ணி'. எண்ணுவதால் எண்ணி, கவுன்டருக்கு அந்தச் சொல் தமிழில் ஏற்கெனவே உண்டு. விழுந்ததைத் தூக்கி நிறுத்துவதால் மீட்பு. நாய் போனால் போகட்டும், அது ஆங்கிலத்தின் உவமை.

'மின்னியல் வெளியேற்றம்' பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. மின்னியல் என்பது வேதியியல்போல ஒரு பாடத்தின் பெயர். வெளியேற்றம் கழிவுநீருக்குச் சரி. பள்ளிப் புத்தகத்தில் நிலைமின்னியல் இருக்கிறது, மின்னிறக்கக் குழாய் இருக்கிறது. இரண்டையும் படித்தவருக்கு 'நிலைமின்னிறக்கம்' தானாக வந்திருக்க வேண்டும்.

கையேட்டுக்காரர்களுக்கு வரியை மாற்றி எழுதி அனுப்பியிருக்கிறேன்: "நிலைமின்னிறக்கத்தால் உறைந்துபோன மைக்ரோகன்ட்ரோலரை மீட்பு எண்ணி மறுதொடக்கம் செய்கிறது."