பெயரை விடுங்கள், எண்ணைப் பிடியுங்கள்: நேட்டாலுக்குக் கப்பலேறிய முன்னோரின் ஊரைத் தேடுவது எப்படி

தென்னாப்பிரிக்காவின் டர்பன் பக்கத்திலிருந்து பூர்வீகம் தேடி வருகிறவர்கள் கையில் பெரும்பாலும் மூன்று தகவல்கள்தான் இருக்கும். பாட்டனாரின் பெயர் முனுசாமி, வந்தது மெட்ராசிலிருந்து, வீட்டில் கும்பிட்டது மாரியம்மனை. மூன்றுமே தேடலுக்கு ஏறக்குறைய உதவாதவை. நேட்டால் (டர்பன் இருந்த அன்றைய பிரிட்டிஷ் காலனி) போனவர்களின் கப்பல் பட்டியலில் முனுசாமிகளுக்குக் கணக்கில்லை. மெட்ராஸ் அவர் கப்பலேறிய துறைமுகம், பிறந்த ஊர் அல்ல. மாரியம்மன் இல்லாத ஊர்தான் ஏது?

ஒப்பந்தக் கூலிகளை ஏற்றிய முதல் கப்பலான 'ட்ரூரோ' 1860 அக்டோபர் 12 அன்று சென்னையிலிருந்து புறப்பட்டு, நவம்பர் 16 அன்று டர்பனில் 342 பேரை இறக்கியது. அதிலிருந்து 1911 வரை ஒப்பந்தக் கூலிகளாகப் போனவர்கள் 1,52,184 பேர். சுமார் மூன்றில் இரண்டு பங்கினர் சென்னை வழியாகப் போனவர்கள். கரையிறங்கிய ஒவ்வொருவருக்கும், கைக்குழந்தைக்கும்கூட, ஓர் எண் கொடுத்தார்கள். காலனி எண் என்பது அதுதான். ஒரே ஆளின் பெயர் ஐந்து தாள்களில் ஐந்து விதமாக எழுதப்பட்டிருக்கும், எண் மட்டும் மாறாது. ஆகவே முதல் வேலை பெயரைத் தேடுவதல்ல, எண்ணைத் தேடுவது.

எண் கிடைக்க வேண்டுமானால் பின்னாலிருந்து நடக்க வேண்டும். இன்று உயிரோடிருக்கும் மூத்தவரின் பிறப்புச் சான்றில் தொடங்கி, அவருடைய பெற்றோரின் திருமணப் பதிவு, பிறகு தாத்தாவின் இறப்புப் பதிவு என்று ஒவ்வொரு தலைமுறையாக ஏறுங்கள். நேட்டாலிலேயே பிறந்த முதல் தலைமுறையின் பிறப்பு, திருமணப் பதிவுகளில் தாய் தகப்பனின் காலனி எண் எழுதப்பட்டிருப்பது வழக்கம். ஐந்து வருட ஒப்பந்தம் முடிந்ததற்கான சான்று, மூன்று பவுன் வரியின் ரசீது (ஒப்பந்தம் முடிந்தும் அங்கேயே தங்கியவர்கள் மீது 1895 சட்டத்தால் வந்து 1914-இல் ஒழிந்த வரி) போன்றவை வீட்டு டிரங்குப் பெட்டியில் மடித்துக் கிடந்தால் அவற்றிலும் பாருங்கள். தென்னாப்பிரிக்கத் தேசிய ஆவணக்காப்பகத்தின் இணையத் தேடலில் இறந்தவர்களின் சொத்துக் கோப்புகளைப் பற்றிய குறிப்புகள் கிடைக்கும். அவற்றோடு சேர்ந்த இறப்பு அறிவிப்பில் பெற்றோர் பெயர், பிறந்த இடம், பிள்ளைகள் பெயர் எனக் கட்டங்கள் உண்டு. அதை நிரப்பியவர் மகனோ மருமகனோ என்பதால் 'பிறந்த இடம்: இந்தியா' என்று ஒரே சொல்லோடு முடிந்திருக்கலாம். ஆனால் பிள்ளைகள் பட்டியல் பெரும்பாலும் சரியாக இருக்கும்.

எண்ணின் அளவே காலத்தைச் சொல்லும். 6,400-க்குக் கீழே என்றால் 1860–66-இல் போன முதல் அலை. பிறகு ஆள் அனுப்புவது நின்று 1874-இல்தான் மீண்டும் தொடங்கியது. எவ்வளவு தேடியும் எண் கிடைக்காவிட்டால், அவர் சொந்தச் செலவில் டிக்கெட் எடுத்துப் போனவராக இருக்கலாம் என்பதையும் யோசியுங்கள். வியாபாரிகள் பலர் அப்படித்தான் போனார்கள். அவர்களுக்குக் காலனி எண்ணே கிடையாது. இல்லாத எண்ணைத் தேடி வருடங்களை வீணடிப்பவர்கள் நிறைய.

எண் கைக்கு வந்ததும் கப்பல் பட்டியலுக்குப் போகலாம். பட்டியலில் பெயர், தகப்பன் பெயர், வயது, சாதி, ஜில்லா, தாணா (ஜில்லாவின் உட்பிரிவு), கிராமம், உடல் அடையாளம் என்று பத்திகள் இருக்கும். தன் ஆளின் வரியை மட்டும் நகலெடுத்துக்கொண்டு போய்விடுவதுதான் எல்லோரும் செய்யும் தவறு. மேலே இருபது எண், கீழே இருபது எண்ணையும் சேர்த்துப் படியுங்கள். ஒரே ஊரிலிருந்து கிளம்பியவர்கள் டிப்போவில் (கப்பலேறும் முன் ஆட்களைத் தங்கவைத்த இடம்) ஒன்றாக நின்று, பட்டியலில் அடுத்தடுத்த எண்களில் வந்திருக்கக்கூடும். உங்கள் பாட்டனார் வரியில் ஊர்ப் பெயர் சிதைந்து கிடந்தாலும், மூன்று வரி தள்ளி அதே ஊர் தெளிவாக எழுதப்பட்டிருக்கக்கூடும். தகப்பன் பெயர் ஒன்றாக உள்ள இரண்டு ஆட்கள் அண்ணன் தம்பியாக இருக்கலாம். தனியாகப் பதிவான பெண்ணுக்கு அடுத்த எண்ணில் இருப்பவர் பிறகு அவள் கணவராக, வேலை செய்த தோட்டத்துக் கோப்பில் தலைகாட்டுவதும் உண்டு.

எழுத்துக்கூட்டல் தனிப் பாடம். எழுத்தர் காதில் விழுந்ததை ஆங்கிலத்தில் எழுதினார். ஏழுமலை என்ற பெயரை ஆங்கில 'இ' எழுத்திலும் தேட வேண்டும், 'ஒய்' எழுத்திலும் தேட வேண்டும். குப்பன் 'கே'யிலும் வருவார், 'சி'யிலும் வருவார். 'வ' வந்தால் 'வி', 'டபிள்யூ' இரண்டும். 'ழ' எப்படி வேண்டுமானாலும் ஆகும். பெயரை வாய்விட்டுப் பத்து முறை சொல்லி, தமிழ் தெரியாத ஒருவரை எழுதச் சொல்லிப் பாருங்கள். அதுதான் சிறந்த கருவி. வயதையும் நம்பாதீர்கள். 20, 25, 30 என்று முழு எண்களாகவே குவிந்திருப்பது மதிப்பீட்டின் அடையாளம், ஐந்து வருடம் முன்பின் விட்டுத் தேடுங்கள்.

குடும்பப் பெயர் இன்னொரு பொறி. பிள்ளை, முதலியார் என்பவை அங்கே பிள்ளே, மூட்லி என்று வம்சப் பெயராகிவிட்டன. சில குடும்பங்களில் தகப்பன் பெயரே நிலைத்துவிட்டது, சிலர் கரையிறங்கிய பிறகு புதிதாக ஒரு பட்டத்தைச் சூட்டிக்கொண்டார்கள். ஆகவே இன்றைய குடும்பப் பெயரும் பட்டியலில் உள்ள சாதிப் பத்தியும் பொருந்தாமல் இருப்பது சாதாரணம். 'வேறு ஆள்' என்று தள்ளிவிட வேண்டாம். பட்டியலைப் பார்த்து வீட்டில் சண்டை வருவதும் உண்டு. தெரிந்துகொள்ளும் மனசு இருந்தால் மட்டும் இறங்குங்கள்.

இனி ஊர். ஜில்லா என்பது அன்றைய மாவட்டம், இன்றையது அல்ல. வட ஆர்க்காடு என்று இருந்தால் இன்றைய வேலூர், ராணிப்பேட்டை, திருவண்ணாமலையோடு ஆந்திரத்துச் சித்தூரையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். சித்தூர்தான் அன்று அந்த ஜில்லாவின் தலைநகர், 1911-இல்தான் தனி மாவட்டமானது. ராமநாதபுரம் 1910-இல் பிறந்த மாவட்டம். அதற்கு முன் போனவர் மதுரை அல்லது திருநெல்வேலி ஜில்லாவில்தான் எழுதப்பட்டிருப்பார். திருப்பத்தூர் என்று கண்டதும் துள்ளாதீர்கள். ஒன்று அன்று சேலம் ஜில்லாவில் இருந்தது, இன்னொன்று மதுரை ஜில்லாவில், அது இன்றைய சிவகங்கை மாவட்டத்துத் திருப்பத்தூர். தாணா என்பதை இன்றைய தாலுகாவாகவே எடுத்துக்கொள்ளவும் முடியாது. சில இடங்களில் அது போலீஸ் ஸ்டேஷன் எல்லை. கிராமப் பத்தியில் புதூர், நல்லூர் என்று மட்டும் இருந்தால் அந்தத் தாலுகாவிலுள்ள எல்லாப் புதூர்களையும் வரைபடத்தில் குறித்துக்கொண்டு ஒவ்வொன்றாகத்தான் கழிக்க வேண்டும். வருவாய்க் கிராமத்தின் பெயரா, அதற்குள் அடங்கிய குக்கிராமத்தின் பெயரா என்பதையும் பாருங்கள்.

ஊர் கிடைத்ததும் பட்டா, சிட்டா, பழைய அ பதிவேடு என்று கிளம்புகிறார்கள். பெரும்பாலும் ஏமாற்றம்தான். கப்பலேறியவர்களில் பலருக்கு நிலமே கிடையாது, நிலமில்லாதவரின் பெயர் நிலப் பதிவேட்டில் எப்படி இருக்கும்? 1871-இல் தொடங்கிய மக்கள்தொகைக் கணக்கெடுப்பிலும் வீட்டுவாரிப் பெயர்த் தாள்களைப் பாதுகாத்து வைக்கவில்லை. கிறிஸ்தவக் குடும்பமென்றால் மட்டும் கதை வேறு. பங்குக் கோயிலின் ஞானஸ்நானப் பதிவேட்டில் பெற்றோர், ஞானப்பெற்றோர் பெயர் வரை கிடைக்கலாம்.

மற்றவர்களுக்குக் காகிதத்தைவிடக் குலதெய்வம் கைகொடுக்கும். சாமி பெயரை மட்டும் கேட்காதீர்கள். கூட நிற்கும் பரிவாரம் யார், முதல் முடி எங்கே இறக்கினார்கள், எந்த மாதம் பொங்கல், எதைப் பலியிட்டார்கள் என்று பாட்டிகளிடம் கேட்டுப் பதிவு செய்யுங்கள். முனீஸ்வரன், மதுரைவீரன் எங்கும் உண்டு. ஆனால் பச்சையம்மனோடு மன்னாதீஸ்வரர் என்று வந்தால் கண் வடக்கு மாவட்டங்கள் பக்கம் திரும்பும். தீமிதியோடு திரௌபதி அம்மன் என்றால் செஞ்சி வட்டாரத்தையும் பட்டியலில் சேர்த்துக்கொள்ளலாம். இது சான்று அல்ல, திசை மட்டும்.

மலாயாவுக்கோ இலங்கைத் தோட்டங்களுக்கோ கங்காணி வழியாகப் போனவர்களுக்கு இந்தக் காலனி எண் முறை பொருந்தாது. அங்கே பிடிமானம் கங்காணிதான். அவர் சொந்த ஊரிலும் உறவிலும் ஆள் சேர்த்தவர் என்பதால், ஒரே லயத்தில் (தோட்டத்து வரிசை வீடுகளில்) இருந்த மற்ற குடும்பங்களின் ஊரைத் தேடினால் உங்கள் ஊரும் அருகிலேயே இருக்க வாய்ப்புண்டு. தோட்டத்துச் செக்ரோல் (வேலையாட்களின் வருகை, கூலிப் பதிவேடு), தோட்டப் பள்ளிக்கூடப் பதிவேடு இரண்டையும் கேட்டுப் பாருங்கள்.

மரபணுச் சோதனையை அவசரப்பட்டு நம்ப வேண்டாம். தலைமுறை தலைமுறையாக மாமன் மகள், அத்தை மகன் என்று சொந்தத்துக்குள்ளேயே கட்டிய சமூகத்தில் தூரத்து உறவும் கிட்டத்து உறவுபோலக் காட்டும்.

கடைசியில் ஊருக்குள் போகும்போது கையில் சர்வே எண் அச்சிட்ட தாளோடு இறங்காதீர்கள். நூறு வருடம் கழித்துச் சொத்தில் பங்கு கேட்டு வந்திருக்கிறார்கள் என்ற எண்ணம் வந்துவிட்டால் ஒரு வாய் திறக்காது. கோயில் தர்மகர்த்தாவையோ பூசாரியையோ முதலில் பார்த்து, வந்த காரணத்தைச் சொல்லுங்கள். 'கப்பலுக்குப் போனவர் யாராவது இருந்தாரா' என்று பொதுவாகக் கேளுங்கள். பெயரை நீங்களே எடுத்துக்கொடுத்தால் 'ஆமாம், ஆமாம்' என்றுதான் பதில் வரும், அன்பினால் சொல்லும் பொய் அது. தகப்பன் பெயரையும் உடன்பிறந்தவர் பெயரையும் அவர்கள் வாயிலிருந்து வரவிடுங்கள். அது பட்டியலில் உள்ளதோடு ஒத்துப்போன பிறகுதான் தேங்காய் உடைக்க வேண்டும்.