உடல்நிறைச் சுட்டெண்

உயரத்துக்கு ஏற்ற எடைதானா என்று பார்க்க உதவும் எண்ணைப் பலரும் ‘பி.எம்.ஐ’ என்றே சொல்கிறோம். பாடி மாஸ் இண்டெக்ஸ் என்பதன் சுருக்கம் அது. தமிழில் இதை உடல்நிறைச் சுட்டெண் எனலாம்.

இந்தக் கணக்கு பெயரைவிடப் பழையது. பெல்ஜிய வானியலாளரும் புள்ளியியலாளருமான அடோல்ஃப் கெட்லே 1830-களில் ‘சராசரி மனிதன்’ எப்படி இருப்பான் என்று ஆராய்ந்தார். வளர்ந்தவர்களின் எடை ஏறத்தாழ உயரத்தின் வர்க்கத்தை ஒட்டிக் கூடுவதை அப்போது கண்டார். உடற்பருமனை அளப்பது அவர் நோக்கமே அல்ல. நெடுங்காலம் கெட்லே சுட்டெண் என்று வழங்கிய இதற்கு, 1972-இல் அமெரிக்க உடலியலாளர் ஆன்செல் கீஸும் உடன் ஆய்வாளர்களும் இன்றைய பெயரை வைத்தார்கள். அவர்கள் ஒப்பிட்டுப் பார்த்த தரவுகள் அனைத்தும் ஆண்களுடையவை.

‘மாஸ்’ என்ற சொல்லின் வேர் பிசைந்த மாவுருண்டையைக் குறித்த பழைய கிரேக்கச் சொல். தமிழில் இதற்கு எது சரி என்பதில்தான் குழப்பம். தமிழ்நாட்டுப் பாடநூல்களில் நிறை என்பது பொருளின் அளவு; எடை என்பது புவி அதை இழுக்கும் விசை. நிலவுக்குப் போனால் எடை ஆறில் ஒரு பங்காகும், நிறை மாறாது. இலங்கைப் பாடநூல்களிலோ பொருளின் அளவு திணிவு. நிறை என்றால் இழுவிசை. அதனால் அங்கே உடற்திணிவுச் சுட்டி என்பார்கள். இரண்டும் அவரவர் மரபில் சரியே. ஒரே கட்டுரையில் இரண்டையும் கலப்பதுதான் தவறு.

‘இண்டெக்ஸ்’ லத்தீனில் சுட்டிக்காட்டுவதையும் ஆள்காட்டி விரலையும் குறித்தது. தமிழிலும் அந்த விரல் சுட்டுவிரல்தானே! சுட்டெண் என்பது இவ்வளவு இயல்பாகப் பொருந்தும்போது வேறு சொல் தேட வேண்டியதில்லை. ‘குறியீட்டெண்’ பிழையன்று, ஆனால் அஞ்சல் குறியீடுபோல அடையாள எண் என்று நினைக்க இடம் தருகிறது. ‘உடல் பருமன் குறியீடு’ என்பதைக் கட்டாயம் தவிர்க்க வேண்டும். சுட்டெண் 17 வரும் மெலிந்தவருக்குப் பருமன் ஏது?

கணக்கு எளிது. கிலோகிராமில் உள்ள எடையை மீட்டரில் உள்ள உயரத்தால் வகுத்து, வரும் விடையை மீண்டும் அதே உயரத்தால் வகுக்க வேண்டும். 61 கிலோ எடை, 5 அடி 4 அங்குல உயரம் என்று வைத்துக்கொள்வோம். 64 அங்குலத்தை 2.54-ஆல் பெருக்கினால் 162.56 செ.மீ., அதாவது 1.626 மீட்டர். 61-ஐ அதனால் ஒருமுறை வகுத்தால் 37.5, மறுமுறை வகுத்தால் 23.1.

பலர் சறுக்குவது அடிக்கணக்கில்தான். 5 அடி 4 அங்குலத்தை 5.4 அடி என்று எழுதிப் பெருக்கினால் உயரம் 164.6 செ.மீ. ஆகிவிடும், சுட்டெண் 22.5-க்கு இறங்கும். இந்த இரண்டு சென்டிமீட்டர் ஏன் பெரிதென்றால், இரண்டு விடைகளுக்கும் நடுவில்தான் 23 என்ற எல்லைக்கோடு இருக்கிறது. உலக சுகாதார நிறுவனத்தின் பொது வரையறையில் 18.5 முதல் 24.9 வரை இயல்பு, 25 முதல் மிகை எடை, 30 முதல் உடற்பருமன். ஆசிய மக்களுக்கு நீரிழிவும் இதயநோயும் இதைவிடக் குறைந்த எண்ணிலேயே தலைகாட்டுவதால், 23-ஐயும் 27.5-ஐயும் கூடுதல் எச்சரிக்கைக் கோடுகளாக அந்நிறுவனம் 2004-இல் முன்வைத்தது. மேலே சொன்னவர் ஆசியர் என்றால், உயரத்தை எழுதிய விதமே அவரைக் கோட்டுக்கு இப்பாலோ அப்பாலோ தள்ளிவிடும்.

ஆகவே உயரத்தைக் காலணி கழற்றி, குதிகால் சுவரைத் தொட, நேர்ப்பார்வையோடு நின்று அளக்க வேண்டும். எடைக்கருவி கெட்டித் தரையில் இருக்கட்டும். கம்பளத்தின் மேல் வைத்தால் தவறாகக் காட்டும். விடையைச் சதவீதமாக எழுதக் கூடாது. 23.1 என்றால் உடலில் 23.1 விழுக்காடு கொழுப்பு என்று பொருளில்லை. அதன் அலகு கி.கி./மீ².

கொழுப்பையும் தசையையும் இந்த எண்ணால் பிரித்துப் பார்க்க முடியாது. பளுதூக்குபவருக்கு 28 வரலாம்; நீர் கோத்து வீங்கியவருக்கும் 28 வரலாம். முதுமையில் தசை கரைந்து அந்த இடத்தில் கொழுப்பு சேர்ந்தாலும் எண் அப்படியே நிற்கும். கூடவே இடுப்பையும் அளந்தால் பாதிக் குறை தீரும். சுற்றளவு உயரத்தின் பாதிக்குள் இருக்க வேண்டும், 162 செ.மீ. உயரமானவருக்கு 81 செ.மீ.

கருவுற்றிருக்கும்போது இந்த எல்லைகள் பொருந்தா. குழந்தைகளுக்கும் இதே வகுத்தல்தான், ஆனால் 18.5, 25 என்ற கோடுகள் கிடையாது. வயதுக்கும் பாலினத்துக்கும் உரிய வளர்ச்சி வரைபடத்தில் வைத்தே அந்த எண்ணைப் படிக்க வேண்டும்.