குழந்தையின்மையும் அக்குபங்சரும்: ஊசிக்கு முன் பரிசோதனை

குழந்தையின்மைக்காக என்னிடம் வரும் பெண்களில் பலர், அக்குபங்சர் செய்துகொள்ளலாமா என்று தயங்கியபடியே கேட்கிறார்கள். பயிற்சி பெற்றவர், ஒருமுறை மட்டுமே பயன்படுத்தும் கிருமி நீக்கிய ஊசியைக் கொண்டு செய்தால் ஆபத்து மிகக் குறைவு என்பதால், நான் தடுப்பதில்லை. ஆனால் அதனால் கரு தங்கும் என்று உறுதியளிக்க என்னால் இயலாது.

அக்குபங்சரால் கரு தங்கும் என்று பலர் நம்புவதற்கு ஒரு காரணம் உண்டு. 2002இல் வெளியான ஜெர்மன் ஆய்வு ஒன்றில், சோதனைக் குழாய் முறையில் உருவான கருவைக் கருப்பையில் வைப்பதற்கு முன்னும் பின்னும் அக்குபங்சர் பெற்றவர்களில் 42.5 சதவீதத்தினரும், பெறாதவர்களில் 26.3 சதவீதத்தினரும் கருவுற்றனர். ஆனால் அதில் பங்கேற்றவர்கள் 160 பேர்தான். ஒப்பீட்டுக் குழுவுக்குப் போலி ஊசியும் (உண்மைச் சிகிச்சை போலத் தோன்ற மட்டும் செய்வது) தரப்படவில்லை. போலி ஊசியுடன் ஒப்பிட்டு, ஆஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் 848 பெண்களிடம் நடத்தப்பட்டு 2018இல் வெளியான ஆய்வில், உண்மை ஊசி பெற்றவர்களில் 18.3 சதவீதத்தினரும், போலி ஊசி பெற்றவர்களில் 17.8 சதவீதத்தினரும் குழந்தை பெற்றனர்; வேறுபாடு இல்லையென்றே கொள்ள வேண்டும். நீர்க்கட்டிப் பிரச்சினை உள்ள 1000 பெண்களிடம், அக்குபங்சர் பிறந்த சீனாவிலேயே நடந்த ஆய்வின் முடிவு 2017இல் வந்தது. அதிலும் குழந்தை பெற்றவர்கள் உண்மை ஊசிக்கு 21.8, போலி ஊசிக்கு 22.4 சதவீதம்தான். அதே ஆய்வில், கருமுட்டை வெளிவரத் தூண்டும் குளோமிஃபீன் மாத்திரை எடுத்தவர்களில் 28.7 சதவீதத்தினரும், மருந்தில்லாத வெற்று மாத்திரை எடுத்தவர்களில் 15.4 சதவீதத்தினரும் குழந்தை பெற்றனர்.

ஊசி போட்டுக்கொண்ட பின் மனம் இலேசாகிறது, தூக்கம் வருகிறது என்று சிலர் சொல்லும்போது எனக்கும் மகிழ்ச்சியே. மாதந்தோறும் ஏமாற்றத்தையும் உறவினரின் கேள்விகளையும் தாங்குபவர்களுக்கு அந்த ஆறுதல் சிறிதன்று.

என்னை வருத்துவது காலம் வீணாவதுதான். காசநோயாலோ வேறு தொற்றாலோ அடைபட்ட கருக்குழாயை எந்த ஊசியும் திறக்காது. கணவரின் விந்தணுப் பரிசோதனையைச் செய்யாமலே மனைவிக்கு மட்டும் மாதக்கணக்கில் சிகிச்சை அளிப்பது பெரும் அநியாயம். வயது கூடக் கூடக் கருமுட்டைகளின் எண்ணிக்கையும் தரமும் குறைகின்றன. ஆகவே 35 வயதுக்குட்பட்டவர்கள் ஓராண்டு முயன்றும், அதைக் கடந்தவர்கள் ஆறு மாதம் முயன்றும் கருத்தரிக்காவிட்டால் கணவன் மனைவி இருவரும் பரிசோதனைக்கு வர வேண்டும். மாதவிடாய் ஒழுங்கற்றவர்கள் அதுவரைகூடக் காத்திருக்க வேண்டாம்.

அக்குபங்சருக்குச் செல்பவர்கள் அதை மருத்துவரிடம் மறைக்காதீர்கள். அக்குபங்சர் செய்பவர் எல்லா மாத்திரைகளையும் நிறுத்தச் சொன்னால், தைராய்டு மாத்திரையையும் ஃபோலிக் அமிலத்தையும் ஒருபோதும் நீங்களாக நிறுத்திவிடாதீர்கள்.