டேமேஜை விடுங்கள், அம்பு போய்ச் சேர எவ்வளவு நேரம்?

பெரம்பூரில் இருக்கும் என் சித்தி பையன் போன மே மாத லீவில் ஒரு ஆன்லைன் சர்வைவல் கேமில் விழுந்தான். வெறுங்கையோடு காட்டில் இறக்கிவிடுவார்கள், மரம் வெட்டி, கல் பொறுக்கி, வேட்டையாடிப் பிழைத்துக்கொள்ள வேண்டும், சுற்றித் திரியும் மற்ற ஆட்களும் நிஜ மனிதர்கள், அந்த மாதிரி. இவன் எடுத்தது வேட்டைக்காரன் கேரக்டர். லெவல் ஏற ஏறக் கிடைத்த புள்ளி அத்தனையையும் டேமேஜில், அதாவது அடியின் பலத்தில், கொட்டி வைத்திருந்தான். ஒரு அம்பு பட்டால் கரடியே ஆட்டம் காணும். பட்டால்தானே! 50 மீட்டர் தள்ளி ஓடிய மானுக்கு எட்டு அம்பு விட்டான், எட்டும் புல்லுக்குள் போனது.

"அண்ணா, இந்த கேம்ல ஏதோ பக் இருக்குண்ணா."

"பக் எல்லாம் இல்லடா. அம்பு போய்ச் சேர்றதுக்குள்ள மான் வேற இடத்துல இருக்கு."

விஷயம் முழுக்க அந்த ஒரு வரிதான். ஆனால் அதைப் பிரித்துப் பார்த்தால் கேரக்டரை எப்படி ஏற்றுவது என்ற கணக்கே தலைகீழாகிவிடும்.

மெரினாவில் பலூன் சுட்டிருப்பீர்கள். துப்பாக்கிக்கும் பலூனுக்கும் நடுவே நாலு மீட்டர் இருந்தால் அதிகம். ரவை நொடிக்கு 100 மீட்டர் போகிறது என்றே வைத்துக்கொண்டாலும் 0.04 நொடியில் போய்விடும், அதற்குள் புவியீர்ப்பு அதை ஒரு சென்டிமீட்டர்கூட இறக்க முடியாது. எங்கே குறி வைத்தோமோ அங்கேதான் படும் (பட வேண்டும், அந்தக் கடைத் துப்பாக்கியின் குறிமுனை நேராக இருந்தால்). பல கேம்களில் துப்பாக்கிகள் இப்படித்தான் வேலை செய்கின்றன. குண்டு என்று ஒன்று பறப்பதே இல்லை, ட்ரிக்கரை அழுத்திய கணத்தில் சர்வர் (கேமை நடத்தும் கம்ப்யூட்டர்) ஒரு நேர்கோடு போட்டு அந்தக் கோட்டில் யார் நிற்கிறார்கள் என்று பார்த்து முடித்துவிடும். இதற்கு ஹிட்ஸ்கேன் என்று பெயர். அம்பு அப்படியில்லை. அம்பு நிஜமாகவே கேம் உலகத்தில் ஒரு பொருளாகப் பிறந்து, பறந்து, இறங்கி, எதன் மீதாவது மோத வேண்டும். அந்தப் பயண நேரத்தில்தான் எல்லாக் குளறுபடியும்.

மைன்கிராஃப்டை எடுத்துக்கொள்வோம், அதன் கணக்கு வெளிப்படையாகத் தெரிந்த கணக்கு. அங்கே சர்வர் நொடிக்கு 20 தடவை உலகத்தைப் புதுப்பிக்கும், ஒவ்வொரு தடவையும் ஒரு டிக். நாணை முழுசாக இழுத்து விட்ட அம்பு டிக்குக்கு 3 கட்டம் போகும், ஒரு கட்டம் என்பது ஒரு மீட்டர், ஆக நொடிக்கு 60 மீட்டர். ஒலிம்பிக்கில் 70 மீட்டர் தூரத்துக்கு விடுகிறார்களே, அந்த அம்புகளும் ஏறக்குறைய இந்த வேகம்தான், அதனால் இதுவரை நியாயமாகவே இருக்கிறது. அப்புறம் ஒவ்வொரு டிக்கிலும் காற்று, அம்பின் வேகத்தில் 1 சதவீதத்தைப் பிடுங்கிக்கொள்ளும், கீழ்நோக்கிய வேகம் 0.05 கட்டம் கூடும். இந்த 0.05 பார்க்க ஒன்றுமில்லாததுபோல இருக்கிறது. நொடிக் கணக்குக்கு மாற்றினால் 0.05 × 20 × 20 = 20. நம் பூமியில் அது 9.8. அதாவது அந்த உலகத்தில் அம்புக்கு நம்மைவிட இரண்டு மடங்கு புவியீர்ப்பு! நிஜத்தில் வில்வித்தை பழகிய ஒருவர் அங்கே போய் முதல் பத்து அம்பையும் தரையில் செருகினால் அது அவர் தப்பில்லை.

கணக்கை ஓட்டிப் பாருங்கள். அரை நொடியில் அம்பு 28.7 கட்டம் போய்விடும், இறங்கியிருப்பது 2.2 கட்டம். ஒரு நொடியில் 54.6 கட்டம், இறங்கியிருப்பது கிட்டத்தட்ட 9 கட்டம். தூரம் இரண்டு மடங்குகூட ஆகவில்லை, சரிவு நாலு மடங்கு ஆகிவிட்டது. பள்ளிக்கூடத்தில் படித்த அந்த ½ g t² தான், நேரம் இரட்டித்தால் விழும் தூரம் நாலு மடங்கு. இதைப் பார்த்துத்தான் பலரும் தூரத்துக் குறிக்குப் பயந்து விட்டுவிடுகிறார்கள். ஆனால் இங்கே ஒரு நல்ல சேதி ஒளிந்திருக்கிறது. நாம் திரையில் குறியைத் தூக்குவது மீட்டரில் இல்லை, கோணத்தில். தூரத்தில் இருப்பது சின்னதாகத் தெரியும் இல்லையா, அதனால் நாலு மடங்கு சரிவு திரையில் இரண்டு மடங்காகத்தான் தெரியும். 29 கட்டத்துக்குச் சுமார் 4 டிகிரி தூக்க வேண்டும் என்றால் 55 கட்டத்துக்குச் சுமார் 9. தூரம் இரட்டித்தால் தூக்குவதும் இரட்டிப்பு, அவ்வளவுதான், கை பழகிக்கொள்ளும்.

குறுக்கே ஓடும் மான் இதைவிட சுவாரசியம். மான் நொடிக்கு 6 மீட்டர் ஓடுகிறது, அம்பு 60 மீட்டர். 30 மீட்டரில் இருந்தால் அரை நொடி, மானுக்கு 3 மீட்டர் முன்னால் விட வேண்டும். 60 மீட்டரில் இருந்தால் ஒரு நொடி, 6 மீட்டர் முன்னால். இரண்டு தடவையும் அது தூரத்தில் பத்தில் ஒரு பங்கு. அதாவது காற்றை மறந்துவிட்டால், திரையில் மானுக்கு முன்னால் விட வேண்டிய இடைவெளி எந்தத் தூரத்திலும் ஒன்றுதான்! மான் சின்னதாகத் தெரிவதால் நாம் 'ஒரு மான் நீளம், இரண்டு மான் நீளம்' என்று எண்ணிக் குழம்புகிறோம். திரையில் விரல் அகலத்தை வைத்து அளந்துகொண்டால் குழப்பமே இல்லை. என் சித்தி பையன் இதை நம்பவில்லை, மானிட்டரில் சின்னதாகச் செல்லோடேப் ஒட்டிப் பார்த்த பிறகுதான் நம்பினான். சித்தி கேட்டதற்கு ஸ்கூல் ப்ராஜெக்ட் என்று சொல்லிவிட்டான்.

சரி, இப்போது புள்ளியை எதில் போடுவது?

அம்பின் வேகத்தைக் கூட்டும் எதுவாக இருந்தாலும் முதலில் அதில். நல்ல வில், நல்ல அம்பு, நாண் இழுக்கும் திறன், கேமுக்குக் கேம் பெயர் மாறும். வேகம் 50-லிருந்து 70 ஆனால் 40 சதவீதம்தான் கூடியிருக்கிறது, ஆனால் அதே தூரத்துக்கு அம்பின் சரிவு கிட்டத்தட்டப் பாதியாகிவிடும், ஏனென்றால் வேகம் அங்கே வர்க்கமாக வருகிறது. முன்னால் விட வேண்டிய இடைவெளியும் கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு குறையும். இன்னொன்று, எதிரே நிற்பது நிஜ ஆள் என்றால் அவன் விலகப் பார்ப்பான். கண்ணால் பார்த்து உடம்பு அசைய மனிதனுக்குச் சுமார் கால் நொடி ஆகும். நொடிக்கு 60 மீட்டர் அம்பு கால் நொடியில் 15 மீட்டர் போய்விடும், அந்தத் தூரத்துக்குள் எவனாலும் பார்த்து விலக முடியாது, பட்டது பட்டதுதான். வேகமான வில் அந்த 15 மீட்டரை 20 ஆக்கும். டேமேஜ் புள்ளி இதில் எதையும் செய்யாது.

பாதி இழுத்த வில்லை அவசரத்தில் விடும் பழக்கம் இருந்தால் முதலில் அதை ஒழியுங்கள். நிஜ வில்லில் சேரும் ஆற்றல் கிட்டத்தட்ட இழுப்பின் வர்க்கத்துக்கு ஏற்ப, பாதி இழுத்தால் கால்வாசி ஆற்றல், பாதி வேகம். மைன்கிராஃப்ட் இன்னும் கொஞ்சம் கருமி: முழு இழுப்புக்கு ஒரு நொடி, அரை நொடியில் விட்டால் 42 சதவீத வேகம்தான், நொடிக்கு 25 மீட்டர். அங்கே டேமேஜும் அம்பின் வேகத்தை வைத்துத்தான் என்பதால் அதுவும் சேர்ந்து படுத்துவிடும்.

டேமேஜே வேண்டாம் என்று சொல்லவில்லை. அதைப் படிக்கட்டாகப் பாருங்கள் என்கிறேன். காட்டுப்பன்றிக்கு 20 உயிர்ப் புள்ளி என்று வைத்துக்கொள்வோம். அம்புக்கு 6 டேமேஜ் என்றால் நாலு அம்பு வேண்டும். 7 என்றால் மூன்று. 8 என்றாலும் மூன்று, 9 என்றாலும் மூன்று. 10 வந்தால்தான் இரண்டு. 7-லிருந்து 9-க்குக் கொட்டிய புள்ளி அத்தனையும் கடலில் கரைத்த பெருங்காயம். இன்னும் ஒரு புள்ளி சேர்த்து 10-க்குப் போங்கள், இல்லையென்றால் 7-லேயே நின்று மிச்சத்தை வேறெதிலாவது போடுங்கள். கேம்காரர்கள் இந்தப் படியை எங்கேயும் எழுதி வைக்க மாட்டார்கள், நாமே வகுத்துப் பார்த்துக்கொள்ள வேண்டியதுதான்.

துளைத்துப் போகும் அம்புகளைப் பற்றி ஒரு வார்த்தை. கொல்லிமலை வல்வில் ஓரி விட்ட ஒரே அம்பு யானை, புலி, மான், பன்றி, உடும்பு என்று ஐந்தையும் வீழ்த்தியது என்பார்கள். மைன்கிராஃப்டில் கிராஸ்போ என்ற விசைவில்லுக்குப் பியர்சிங் என்ற மந்திரம் உண்டு, அதன் உச்சம் 4-ஆம் நிலை, அதில் ஒரு அம்பு எத்தனை உயிர்களைத் தாக்கும் தெரியுமா? சரியாக ஐந்து. தற்செயல்தான், ஆனாலும் எனக்குப் பிடித்திருக்கிறது.

பதுங்குவதில் போடும் புள்ளியும் மறைமுகமாக வில்லுக்குத்தான் போகிறது. ஐஐடி வளாகத்தில் சாயங்காலம் நடந்து பாருங்கள், புள்ளிமான் ஆளைப் பார்த்து ஓடாது, காய்ந்த இலை நொறுங்கும் சத்தத்துக்குத்தான் தலையைத் தூக்கும். நாண் விடுபடும் சத்தமும் அப்படித்தான்: ஒலி நொடிக்குச் சுமார் 340 மீட்டர், 30 மீட்டரை 0.09 நொடியில் கடந்துவிடும், அம்புக்கு அரை நொடி வேண்டும். மீதி 0.4 நொடி மானுக்கு இலவசம். நிஜ வில் வேட்டையில் இது பெரிய தலைவலி. பல கேம்கள் இதை இவ்வளவு நுணுக்கமாகச் செய்வதில்லை, பதிலாக, கவனிக்காத இலக்குக்குக் கூடுதல் டேமேஜ் என்று வைத்துவிடுகின்றன. வால்ஹைம் என்ற சர்வைவல் கேமில் வில்லுக்கு அது மூன்று மடங்கு. ஒரே ஒரு குனிந்த நடையில் டேமேஜ் மூன்று மடங்கு கிடைக்கிறது என்றால் எதற்கு வியர்வை சிந்தி 10 சதவீதம் ஏற்ற வேண்டும்? அந்த கேமில் வில் திறன் விட விடத்தான் ஏறும், செத்தால் எல்லாத் திறனிலும் 5 சதவீதம் போய்விடும், அதனால் வீட்டுப் பக்கத்து மான்களை வைத்துப் பழகுவது கோழைத்தனம் இல்லை.

இதையெல்லாம் சரியாகச் செய்தும் என் சித்தி பையனின் அம்பு மானின் வால் பக்கமாகவே போய்க்கொண்டிருந்தது. அது வேறு கதை. அவன் தேர்ந்தெடுத்து வைத்திருந்தது ஐரோப்பா சர்வர்.

திரையில் தெரியும் மான் இப்போதைய மான் இல்லை, சர்வரிலிருந்து கிளம்பிய பழைய சேதி. நீங்கள் நாணை விட்ட சேதியும் திரும்பிப் போக நேரம் எடுக்கும். போய் வரும் மொத்த நேரம்தான் பிங். சேதியைச் சுமக்கும் ஒளி கேபிளின் கண்ணாடி இழைக்குள் நொடிக்குச் சுமார் 2 லட்சம் கி.மீ. போகும், வெற்றிடத்தில் போவதில் மூன்றில் இரண்டு பங்கு. சென்னையிலிருந்து சிங்கப்பூருக்குக் கடலடியில் 2002-லேயே போட்ட ஐ2ஐ கேபிள் சுமார் 3,200 கி.மீ. நீளம். போக 16 மில்லி நொடி, வர 16, ஆக 32-க்குக் கீழே அந்த வழியில் எந்த பிளான் வாங்கினாலும் பிங் வராது, அது இயற்பியல் போட்ட கோடு. ஐரோப்பா என்றால் 150 சர்வசாதாரணம். 150 மில்லி நொடியில் நம் மான் 90 சென்டிமீட்டர் ஓடியிருக்கும், பாதி மான் நீளத்துக்கும் மேல், வால் பக்கம் போகாமல் என்ன செய்யும்?

துப்பாக்கி என்றால் பல சர்வர்கள் இதற்குப் பரிகாரம் வைத்திருக்கின்றன. நீங்கள் சுட்ட நேரத்தில் உங்கள் திரையில் யார் எங்கே இருந்தார்கள் என்று காலத்தைப் பின்னோக்கி ஓட்டிப் பார்த்துத் தீர்ப்பு சொல்லும். அம்புக்கு இதைச் செய்வது கஷ்டம், அது ஒரு கணத்தில் முடிகிற விஷயம் இல்லையே, முழு நொடியும் எந்தக் காலத்தில் பறப்பது? அதனால் பெரும்பாலும் சர்வரின் இப்போதைய நேரத்தில் பறக்க விட்டுவிடுவார்கள், பிங் முழுக்க நம் தலையில். இதில் நிலையான 80 பிங் பரவாயில்லை, கை அதற்கேற்பப் பழகிவிடும், 40-க்கும் 140-க்கும் நடுவே ஊஞ்சலாடும் பிங்தான் கொல்லும். அவன் ரூமுக்கும் ரௌட்டருக்கும் நடுவே இரண்டு செங்கல் சுவர், கூடவே மேல்வீடு, கீழ்வீடு, எதிர்வீட்டு வைஃபை எல்லாம் அதே அலைவரிசையில் முட்டிக்கொண்டிருந்தன. ரிச்சி ஸ்ட்ரீட்டில் 15 மீட்டர் லேன் கேபிள் வாங்கி ஜன்னல் வழியாக இழுத்துவிட்டோம், சர்வரையும் சிங்கப்பூருக்கு மாற்றினோம்.

அப்புறம் ஒரு மரக்கம்பத்தை நட்டு, 20, 30, 40, 50 மீட்டரில் நின்று எவ்வளவு தூக்கினால் படுகிறது என்று ஒரு ராத்திரி முழுக்க விட்டுப் பார்த்து, ரூல்டு பேப்பரில் எழுதி மானிட்டருக்குக் கீழே ஒட்டி வைத்தான். இரண்டு வாரம் கறிக்குப் பஞ்சமில்லை. மூன்றாவது வாரம் ஃபோன் வந்தது. "அண்ணா, புது வில்லு செஞ்சேன், பழசைவிட செம ஸ்பீடு, ஆனா ஆறு அம்பும் மான் தலைக்கு மேல போயிடுச்சுண்ணா."

"அந்தப் பேப்பரைக் கிழிச்சுப் போடுடா முதல்ல."