பனித்தண்டு: ‘ஐஸ் கோர்’ என்பதற்குத் தமிழில் என்ன சொல்லலாம்?

போன சித்திரையில் வேலூர் சத்துவாச்சாரியில் எங்கள் தெருவில் ஒரு வீட்டுக்குப் போர் போட்டார்கள். கம்ப்ரசர் சத்தத்தில் தெருவே அதிர்ந்தது. குழியிலிருந்து பீறிட்டு வந்த தூளை வண்டிக்காரப் பையன் பத்தடிக்கு ஒரு பிடி அள்ளி, சுவரோரம் சின்னச் சின்னக் குவியலாக வைத்துக்கொண்டே வந்தான். முதலில் செம்மண், அப்புறம் மஞ்சள் கலந்த நொறுங்கு கல், அதற்கப்புறம் சாம்பல் நிறக் கருங்கல் தூள். “பாருங்கண்ணா, கலர் மாறிடுச்சு” என்று உள்ளங்கையில் கொஞ்சம் வைத்துக் காட்டினான்.

‘ஐஸ் கோர்’ என்ற சொல்லை விளக்க அந்தக் குவியல்கள் எனக்கு உதவின. போரில் பாறை பொடியாகித்தான் மேலே வருகிறது. எந்த அடியில் என்ன இருந்தது என்று தோராயமாகச் சொல்லலாம், விரற்கடை கணக்கில் சொல்ல முடியாது. கோர் எடுக்கும் துளைப்பான் வேறு மாதிரி. அது வளையம் போலச் சுற்றி அறுக்கும், நடுவில் இருப்பது உருளையாக முழுசாக நிற்கும். கான்கிரீட் தளத்தில் பைப் விட ‘கோர் கட்டிங்’ போடுகிறார்களே, அதிலிருந்து விழும் உருளைத் துண்டை எடுத்துப் பாருங்கள். ஜல்லி, மணல், கம்பி எல்லாம் இருந்த இடத்திலேயே இருக்கும். துருவங்களிலும் உயர்ந்த மலைகளிலும் உள்ள பனியில் அப்படி மீட்டர் மீட்டராக எடுப்பதுதான் ஐஸ் கோர்.

ஆங்கிலத்தில் ‘கோர்’ முதலில் பழத்தின் நடுவே விதையைப் பொதிந்திருக்கும் பகுதியைக் குறித்தது. இதயத்தைக் குறிக்கும் இலத்தீன் சொல்லிலிருந்து வந்திருக்கலாம் என்பது அகராதிக்காரர்களின் ஊகம். அதை அப்படியே எடுத்துக்கொண்டு ‘பனி மையம்’ என்று எழுதினால் படிப்பவருக்கு ஏதோ அலுவலகம்தான் நினைவுக்கு வரும். ‘பனி உள்ளகம்’ தவறில்லை, ஆனால் வடிவம் கண்ணில் தெரியவில்லை. மரத்தின் உள்வைரத்துக்கு ‘காழ்’ என்ற அருமையான பழஞ்சொல் நம்மிடம் உண்டு. அதையும் இன்று விளக்கிச் சொல்ல வேண்டியிருக்கிறது. நான் ‘பனித்தண்டு’ என்பேன். மட்டைகளை உரித்துப்போட்டால் நடுவில் வெள்ளையாய், சில்லென்று, உருளையாய் நிற்கும் வாழைத்தண்டு எந்த வீட்டுக்கும் தெரியும். ஒரே ஒரு வேறுபாடு: வாழையில் மட்டைகள் சுற்றிச் சுற்றி இருக்கும், பனித்தண்டில் அடுக்குகள் இட்லித்தட்டு போல ஒன்றன்மேல் ஒன்றாக இருக்கும்.

மலைகளில் இந்தத் தண்டு எடுக்கும் கிளேசியரைச் சிலர் ‘பனிப்பாறை’ என்கிறார்கள். கடலில் மிதப்பதற்கும் அதே பெயரைச் சொல்வதால் குழப்பம் வருகிறது. ‘பனியாறு’ சரியான சொல், ஏனென்றால் அது தன் எடையாலேயே மெல்ல நகர்ந்துகொண்டிருக்கிறது. மேலே வெறும் மணலாகக் கிடக்கும் பாலாற்றை நாம் ஆறு என்று சொல்லவில்லையா?

சரி, ‘ஐஸ் கோர் டேட்டிங்’ என்பதில் வரும் ‘டேட்டிங்’? தண்டின் எந்த அடுக்கு எந்தக் காலத்தது என்று கண்டுபிடிப்பதுதான் அது. இலத்தீனில் ‘கொடுக்கப்பட்டது’ என்று பொருள்படும் ‘data’ என்ற சொல்லிலிருந்து வந்தது ‘டேட்’. பழைய ரோமானியக் கடிதங்களில் இன்ன ஊரில், இன்ன நாளில் கொடுக்கப்பட்டது என்று எழுதுவார்கள். அந்தச் சொல்லே நாளைக் குறிக்க நிலைத்துவிட்டது. தமிழில் ‘காலக்கணிப்பு’ என்ற சொல் தொல்லியலில் ஏற்கெனவே நன்றாகப் பழகிவிட்டது. ‘வயதறிதல்’ என்றும் எழுதலாம், ஆனால் பனிக்கு அது முழுதாகப் பொருந்தாது. பெய்த பனி இறுகிக் கட்டியாகும்வரை மேலிருக்கும் காற்று இடுக்குகளில் போய் வந்துகொண்டிருக்கும். ஆழத்தில்தான் குமிழியாக அடைபடும். அதனால் ஒரே துண்டில் பனிக்கு ஒரு வயது, அதற்குள் இருக்கும் காற்றுக்கு அதைவிடக் குறைந்த வயது.

கணிப்பின் முதல் வழி எண்ணுவது. அமெரிக்கப் பனியாற்று ஆய்வாளர் லோனி தாம்சன் குழுவினர் 1983இல் பெரு நாட்டின் கெல்க்காயா பனிமுகட்டில், 5,670 மீட்டர் உயரத்தில், சூரிய மின்சாரத்தில் ஓடும் துளைப்பானால் அடிப்பாறை வரை தண்டு எடுத்தார்கள். மழைக்காலத்தில் அங்கே பனி பெய்யும், வறண்ட மாதங்களில் தூசி படியும். ஒரு வெள்ளைப் பட்டை, ஒரு அழுக்குக் கோடு, அது ஓராண்டு. அப்படியே சுமார் 1,500 ஆண்டுகளை எண்ணினார்கள்.

ஆனால் ஆழம் போகப் போக மேல்சுமை அழுத்தி, பனி பக்கவாட்டில் நழுவி, பட்டைகள் மெலிந்துகொண்டே போகும். எண்ணிக்கை தப்பும். அப்போது தேவைப்படுவது நங்கூரம் மாதிரி ஓர் ஆண்டு. நம் ஊர் வழக்கத்திலேயே இதற்கு ஒப்புமை இருக்கிறது. வட ஆற்காட்டையும் வாட்டிய 1876-78 பஞ்சத்தைத் ‘தாது வருஷப் பஞ்சம்’ என்றே சொன்னார்கள். ஆனால் அறுபது ஆண்டுச் சுற்றில் 1816உம் தாதுதான், 1936உம் தாதுதான். கல்வெட்டில் வெறும் ‘தாது வருஷம்’ என்றிருந்தால் போதாது, அரசன் பெயரோ சக ஆண்டோ கூட வேண்டும்.

பனித்தண்டில் அந்த வேலையை எரிமலைகள் செய்கின்றன. 1600இல் பெருவின் வைனாபுட்டினா கக்கிய சாம்பல் கெல்க்காயாவில் கிடைத்தது. 1815இல் வெடித்த இந்தோனேசியாவின் தம்போராவின் கந்தக அமிலம் துருவப் பனியில் தெளிவாகப் படிந்திருக்கிறது. 1809இல் ஒரு பெரிய வெடிப்பு நடந்ததும் பனி சொல்லித்தான் தெரியும், எந்த மலை என்று இன்றுவரை அடையாளம் காணப்படவில்லை. அணுகுண்டுச் சோதனைகளின் கதிரியக்கம் 1963 வாக்கில் உச்சம் தொட்டது, அதுவும் மலைப்பனியில் ஒரு கோடாக நிற்கிறது.

கோடே தெரியாத ஆழத்தில் கதிரியக்கச் சிதைவை, அதாவது கதிரியக்க அணுக்கள் காலப்போக்கில் சிதைந்து குறைவதைப் பார்க்க வேண்டும். காரீயம்-210 சுமார் 22 ஆண்டில் பாதியாகும், அதனால் கடைசி நூற்றாண்டுக்கு மட்டும் உதவும். ஆர்கான்-39க்கு அரை ஆயுள் சுமார் 269 ஆண்டு. கார்பன்-14க்கு 5,730. பனியில் ஒட்டியிருக்கும் கரிமத் தூசி மைக்ரோகிராம் அளவுதான் என்பதால் மிகுந்த பொறுமை வேண்டிய வேலை. மேற்குத் திபெத்தின் குலியாவில் 1992இல் எடுத்த 300 மீட்டருக்கும் நீளமான தண்டின் அடி, குளோரின்-36 கணக்கில் ஐந்து லட்சம் ஆண்டுக்கும் மேல் என்று சொல்லப்பட்டது. பின்னால் வந்த ஆய்வுகள் அதை வெகுவாகக் குறைத்துவிட்டன. ஒரே முறையை நம்பக் கூடாது என்று இத்துறையினர் சொல்வது இதனால்தான்.

நம் மழைக்கும் இதில் கணக்கு இருக்கிறது. இமயத்தில் 7,200 மீட்டர் உயரத்தில் தாசுவோப்புப் பனியாற்றில் 1997இல் எடுத்த தண்டுகளில், 1790 முதல் 1796 வரை தென்மேற்குப் பருவமழை பொய்த்தது தூசியாகவும் குளோரைடாகவும் பதிந்திருந்தது. கடந்த ஆயிரம் ஆண்டில் அதைவிடக் கடுமையான வறட்சி அந்தத் தண்டில் தெரியவில்லை.

இனி எழுதும்போது ‘ஐஸ் கோர் டேட்டிங்’ என்பதைப் ‘பனித்தண்டுக் காலக்கணிப்பு’ என்று எழுதலாம். வாக்கியத்தில்: “தாசுவோப்புப் பனியாற்றின் தண்டுகளைக் காலங்கணித்தபோது பதினெட்டாம் நூற்றாண்டு வறட்சி தெரிந்தது.”